டிவி கேம் காலத்து 3டி: தட்டைப் படத்துல ஆழம் எப்படி வந்துச்சு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தக்கலையில லீவு நாள்ல பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கேன், அதுல கேம் எப்படி பண்ணுததுன்னு ஒரு வகுப்பு உண்டு. பழைய கேம் ஒண்ணை ஓட்டிக் காட்டினா போதும், பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக வந்த அப்பாமாரும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து பின் பெஞ்சுல உக்காந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சிருவாங்க, ஏன்னா அவங்களும் நானும் ஒரே காலத்து ஆளுங்க, 64 இன் 1 கேசட்டும் மணிக்கு பத்து ரூவா கொடுத்து கேம் ஆடுன கடையும் எங்க எல்லாருக்கும் பொது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்க எழுதி வைக்கேன். எல்லா பதிலுக்கும் அடியில ஒரே சங்கதிதான் கெடக்கு: தூரம்னு கண்ணு நம்புத அடையாளம் பல உண்டு, அந்தக் கால ஆளுங்க அதுல ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்து நல்லா செஞ்சாங்க, அதுக்கு விலையா வேற எதையாவது விட்டுக் கொடுத்தாங்க. எதை விட்டாங்கன்னு பாத்தா எந்த வித்தைன்னு நீங்களே சொல்லிரலாம்.

டிவி ஸ்கிரீனே தட்டைதானே சார், அதுல எப்படி தூரம் தெரியும்?

கன்னியாகுமரி கரையில நின்னு ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க. விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் அப்பவும் தூரமாத்தான் தெரியும். 133 அடி சிலை, கையை நீட்டிப் பிடிச்சா கட்டை விரல் உயரத்துக்குள்ள அடங்கிருது, அப்போ அது தூரத்துல இருக்குன்னு மூளை முடிவு பண்ணுது. படகு குறுக்க போவும்போது பாறையைக் கொஞ்சம் மறைக்குது, அப்போ படகு முன்னாடி, பாறை பின்னாடி. கரையோரமா கொஞ்ச தூரம் நடந்தா சிலையும் மண்டபமும் ஒண்ணையொண்ணு நெருங்குத மாதிரி நகரும். திரும்பி வடக்க பாத்தா மருந்துவாழ் மலை தெளிவா பச்சையா நிக்கும், அதுக்கும் பின்னாடி உள்ள மலைக எல்லாம் நீலமா மங்கிப் போயிருக்கும். அளவு, மறைப்பு, நகர்வு, மங்கல், கூட நிழல். இதுக்கு ரெண்டு கண்ணும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், அதனாலதான் இதை எல்லாம் தட்டையான திரையிலயும் போட முடியும். தியேட்டர்ல கண்ணாடி கொடுத்துக் காட்டுத 3டி வேற, அது ரெண்டு கண்ணுக்கும் வேற வேற படம் கொடுக்குது.

நேரா 3டி-யாவே பண்ணிருக்கலாமே, ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கணும்?

இதுக்கு நான் போர்டுல ஒரு வகுத்தல் போட்டுக் காட்டுவேன். நம்ம வீட்டுல இருந்த டிவி கேம் எல்லாம் 1983-ல ஜப்பான்ல நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் மெஷினோட நகல். அதோட சிப்பு ஒரு செகண்டுக்கு சுமார் 17,90,000 துடிப்பு, துடிப்புன்னா சிப்பு வேலை செய்யுத தாளத்துல ஒரு தட்டு. ஒரு செகண்டுக்கு 60 படம் காட்டணும், அப்போ ஒரு படத்துக்கு கிடைக்குதது சுமார் 29,800 துடிப்பு. திரையில குறுக்க 256, நெட்டுக்க 240, மொத்தம் 61,440 புள்ளி. ஒரு புள்ளிக்கு அரைத் துடிப்பு கூட தேறாது, ஆனா அந்த சிப்புல இருக்கதுலயே சின்ன கட்டளைக்கு 2 துடிப்பு வேணும். இதுல பெருக்கல், வகுத்தலுக்கு கட்டளையே கிடையாது, கூட்டிக் கூட்டித்தான் பெருக்கணும், இல்லன்னா விடையை முன்கூட்டியே அட்டவணையா எழுதி வச்சிக்கிடணும். 3டி-ன்னாலே எல்லாத்தையும் தூரத்தால வகுக்குததுதான், அந்த வகுத்தலையே பண்ணத் தெரியாத மெஷின் கிட்ட போய் நிக்கோம்.

அப்போ படம் எப்படி வந்துச்சுன்னா, 8-க்கு 8 புள்ளி உள்ள சின்னச் சின்ன கட்டத்தை கேசட்டுலயே வரைஞ்சு வச்சிருப்பாங்க, எந்தக் கட்டம் எங்க வரணும்னு மட்டும் சிப்பு சொல்லும், மிச்சத்தை படம் போடுத தனி சிப்பு பாத்துக்கிடும். கிறிஸ்மஸுக்கு வீட்டுல அச்சு முறுக்கு சுடுவாங்கல்ல, அச்சு என்ன அளவோ அந்த அளவுதான் முறுக்கு, எண்ணெய்ல போட்ட பிறகு பெருசாக்க முடியாது. இதுவும் அப்படித்தான்.

அந்தக் காலத்துலயே உண்மையான 3டி இல்லாம இல்ல. 1980-ல அடாரி கம்பெனி விட்ட பேட்டில்சோன், 1984-ல ரெண்டு இங்கிலாந்து மாணவங்க, டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பண்ணுன எலைட், ரெண்டும் கணக்கு போட்டு வரைஞ்ச 3டி. ஆனா அதுல எல்லாம் வெறும் கோடுதான், உள்ள நிறம் நிரப்ப தெம்பு கிடையாது. நிறமும் வேணும் வேகமும் வேணும்னா வித்தைதான் வழி.

பின்னால மலை மெதுவா போவுது, முன்னால மரம் வேகமா போவுதே, அது என்ன?

நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்காருங்க. ஆரல்வாய்மொழி வந்ததும் ரோட்டோர வாழைத்தோட்டம் விர்ர்னு பின்னால ஓடும், அதுக்கு அங்க நிக்குத கரண்ட் காத்தாடி மெதுவா நகரும், அதுக்கும் பின்னால உள்ள மலை உங்க கூடயே வருத மாதிரி இருக்கும். இதை அப்படியே எடுத்து மூணு தனித்தனி படமா வரைஞ்சு, ஒவ்வொண்ணையும் வேற வேற வேகத்துல பக்கவாட்டுல தள்ளுங்க, அவ்வளவுதான் பாரலாக்ஸ். கேம்ல இதை எல்லாரும் கவனிக்குத மாதிரி செஞ்சது 1982-ல வந்த மூன் பேட்ரோல். சினிமா கார்ட்டூன்காரங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1937 வாக்குல டிஸ்னி ஸ்டூடியோவுல, கண்ணாடித் தட்டுகளை அடுக்கடுக்கா வச்சு மேல இருந்து கேமராவுல படம் பிடிச்சு இதே வேலையை செஞ்சிருக்காங்க.

நம்ம டிவி கேம்ல பின்னணிக்கு ஒரே ஒரு அடுக்குதான் உண்டு. ஆனாலும் பாரலாக்ஸ் வந்துச்சு, எப்படின்னா டிவி படத்தை மேல இருந்து கீழ வரி வரியா வரையுதுல்ல, பாதித் திரை வரைஞ்சு முடிச்ச அந்த நொடியில நகர்வு எண்ணை மாத்திருவாங்க, மேல் பாதி ஒரு வேகம், கீழ் பாதி வேற வேகம். இந்த "வரைஞ்சிட்டிருக்கும்போதே எண்ணை மாத்துத" சங்கதியை ஞாபகம் வச்சிக்கிடுங்க, அடுத்த பதில் முழுக்க அதுதான்.

கார் ரேஸ்ல ரோடு வளையுதே, அது எப்படி?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, அதனால கொஞ்சம் நீளமா சொல்லுதேன்.

1976-லயே அடாரி நைட் டிரைவர்னு ஒண்ணு விட்டாங்க. ராத்திரி ரோடு, திரை முழுக்க கருப்பு, ரெண்டு பக்கமும் வெள்ளைக் குத்துக்கல் மட்டும் சின்னதா தோணி பெருசாகி பக்கத்துல வந்து மறையும். நிக்குத பெட்டி மாடல்ல நம்ம காரை மெஷின் வரையவே இல்ல, திரை மேல பிளாஸ்டிக்குல ஒட்டி வச்சிருந்தாங்க. ராத்திரின்னு ஒரு கதை சொன்னதால ரோட்டையும் மரத்தையும் வானத்தையும் வரைய வேண்டிய பாரம் மொத்தமா போச்சு. எனக்கு அது பெரிய அறிவா படுது.

1982-ல நாம்கோவோட போல் பொசிஷன் வந்தப்போ பகல் ரோடே வந்துருச்சு. 1984-ல ஃபேமிகாம்ல வந்த எஃப்1 ரேஸ் நம்ம ஊர் கேசட்டுகள்ல நிறைய கெடக்கும், நீங்க கண்டிப்பா ஆடிருப்பீங்க.

வித்தை இதுதான். திரையில அடிவானம் ஒரு வரியில இருக்குன்னு வச்சிக்கிடுங்க, அதுக்குக் கீழ 100 வரி ரோடு. சமதளமான ரோடுன்னா ஒவ்வொரு வரியும் ஒரு நிச்சயமான தூரத்தைக் காட்டுது. அந்தத் தூரம் என்னன்னா, 100-ஐ அடிவானத்துல இருந்து எத்தனாவது வரியோ அதால வகுத்தா வரும். முதல் வரி 100 அளவு தூரம், ரெண்டாவது வரி 50, பத்தாவது வரி 10, நூறாவது வரி 1. அடிவானத்துப் பக்கத்துல ரெண்டு வரிக்குள்ள பாதித் தூரம் அடங்கிருது பாத்தீங்களா, நம்ம கண்ணு ரோட்டைப் பாக்குததும் அப்படியேதான். இந்த 100 எண்ணும் மாறவே மாறாது, அதனால ஒரு தடவை அட்டவணையா எழுதி கேசட்டுல போட்டுட்டா ஆட்டம் ஓடும்போது வகுத்தலே வேண்டாம்.

இனி ரோட்டு ஓரத்துல சிவப்பு வெள்ளைப் பட்டை, புல்லுல வெளிர்பச்சை கரும்பச்சைப் பட்டை. ரோடு உண்மையில நகருதே இல்ல. எந்த வரி எந்த நிறம்னு மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் மாறுது, தூரத்தோட நாம ஓடுன அளவையும் கூட்டி, ஒத்தையா இரட்டையான்னு பாத்து நிறம் போடுதாங்க. கண்ணு அதை பறக்குத ரோடுன்னு எடுத்துக்கிடுது. அடுத்த தடவை ஆடும்போது காரைப் பாக்காம ஓரப் பட்டையை மட்டும் பாத்துட்டே இருங்க, ஒரு நிமிஷத்துல ரோடு நின்னுரும், நிறம் மட்டும் ஓடுதது தெரியும்.

வளைவுக்கு, கீழ் வரியை அப்படியே விட்டுட்டு மேல போவப் போவ ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் கொஞ்சம் அதிகமா பக்கத்துல தள்ளணும். முதல்ல 1 புள்ளி, அப்புறம் 3, அப்புறம் 6, அப்புறம் 10, இப்படி தள்ளுத அளவே கூடிட்டுப் போனா நேர்கோடு வளைவாயிரும். ஆனா கார் திரும்புதே இல்ல! ரோடு வளையுது, பின்னால உள்ள மலைப் படத்தை எதிர்ப்பக்கம் நகட்டுதாங்க, காரை வளைவுக்கு வெளிய ஒரு தள்ளு தள்ளுதாங்க, அந்தத் தள்ளை சமாளிக்க நாம பட்டனை அமுக்குதோம், கை அமுக்குன உடனே மூளை "நான் திரும்பிட்டேன்"ன்னு ஒத்துக்கிடுது.

விட்டுக் கொடுத்தது என்னன்னா, இந்த ரோட்டுல நீங்க யூ டர்ன் போட முடியாது, நின்னு பக்கத்துல பாக்க முடியாது. நாற்சந்தி கிடையாது. சேகா கம்பெனியோட அவுட் ரன் 1986-ல ரோடு ரெண்டா பிரியுத மாதிரி காட்டிச்சு, அதுக்காக அந்த மெஷின்ல ரோடு வரையுதுக்கே ரெண்டு தனி அடுக்கு உண்டு, ஒண்ணு மேல ஒண்ணு கெடந்து கடைசில விலகும்.

எதிர்ல வருத காரும் மரமும் பெருசாகிட்டே வருதே? கூடவே சில நேரம் மினுக்கு மினுக்குன்னு மறையுதே?

ரெண்டு வழி. நம்ம டிவி கேம்ல ஒரே காரை அஞ்சாறு அளவுல தனித்தனியா வரைஞ்சு வச்சிருப்பாங்க, கிட்ட வர வர அடுத்த பெரிய படத்தை மாத்தி வைப்பாங்க. அச்சு முறுக்கு கதைதான், பெருசு வேணும்னா பெரிய அச்சு. அதனாலதான் கார் வழுக்கிட்டு வராம டக் டக்னு பெருசாகும்.

சேகாக்காரங்க பெரிய ஊர்கள்ல காசு போட்டு ஆடுத ஆர்கேடு கடைக்கு பண்ணுன மெஷின்ல ஒரே படத்தை எந்த அளவுக்கும் பெருக்கவும் சுருக்கவும் தனி எலக்ட்ரானிக்ஸே வச்சாங்க. யூ சுசுகிங்கறவர் தலைமையில 1985-ல ஹேங் ஆன், அதே வருஷம் ஸ்பேஸ் ஹாரியர், பிறகு அவுட் ரன், 1987-ல ஆஃப்டர் பர்னர். நூத்துக்கணக்கான தட்டைப் படம் தூரத்துல புள்ளியா தோணி முகத்துக்கு நேரா விரிஞ்சு வரும். கிட்ட வந்தா புள்ளி எல்லாம் செங்கல் கட்டை மாதிரி பெருத்துத் தெரியும், எந்தப் பொருளுக்கும் பக்கவாடு கிடையாது, அதுதான் கொடுத்த விலை. அந்த வேகத்துல யாரும் அதைப் பாக்க மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

மினுக்குதது வேற காரணம், டிவி கெட்டுப் போனது இல்ல. ஃபேமிகாம்ல நகருத படத்துண்டு ஒரு நேரத்துல 64 வரைதான், அதுலயும் ஒரே வரியில 8-க்கு மேல வரைய முடியாது. மூணு கார் ஒரே மட்டத்துல வந்தா ஒம்பதாவது துண்டு காணாமப் போயிரும். எப்பவும் ஒரே கார் காணாமப் போனா ஆளுக்கு கோவம் வரும், அதனால ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொருத்தர் மறையுத மாதிரி வரிசையை மாத்திக்கிட்டே இருப்பாங்க, அதுதான் மினுக்கல்.

சாய்வா மேல இருந்து பாக்குத மாதிரி சில கேம் இருக்கே, வீட்டு பிளான் மாதிரி?

ஐசோமெட்ரிக். பாலிடெக்னிக் படிச்சவங்களுக்கு டிராயிங் வகுப்புல கை பழகிருக்கும். இதுல தூரம் போனாலும் பொருள் சின்னதாவாது, அதனால வகுத்தலே கிடையாது, ஒரே அளவு கல்லை அடுக்கிட்டே போவலாம். பேப்பர்ல 30 டிகிரி சாய்வுல வரைவாங்க, கேம்ல ரெண்டு புள்ளி குறுக்க ஒரு புள்ளி மேலன்னு போடுவாங்க, அது சுமார் 26.6 டிகிரி வரும், படிக்கட்டு பிசிறில்லாம சுத்தமா இருக்கும். தூரத்துல உள்ளதை முதல்ல வரைஞ்சு கிட்ட உள்ளதை அதுமேல வரைஞ்சா மறைப்பு தானா வந்துரும். 1982-ல சேகாவோட சாக்ஸன், அதே வருஷம் கியூபர்ட், 1984-ல இங்கிலாந்துல நைட் லோர்.

குறை என்னன்னா, ஒரு பொருள் உயரத்துல இருக்கா, இல்ல தூரத்துல இருக்கான்னு படத்தை வச்சு சொல்ல முடியாது, ரெண்டும் திரையில ஒரே இடத்துல வரும். சாக்ஸன்ல விமானத்துக்குக் கீழ நிழல் போட்டதும் ஓரத்துல உயரம் காட்டுத அளவுகோல் வச்சதும் இதுக்குத்தான். 

சூப்பர் நின்டெண்டோவுல தரையே சுத்துமே?

மோட் 7-ன்னு பேரு. 1990-ல ஜப்பான்ல அந்த மெஷின் வந்த அன்னைக்கே எஃப் ஸீரோ கேம்ல இதைக் காட்டிட்டாங்க. 1024-க்கு 1024 புள்ளி உள்ள ஒரு பெரிய படத்தை பாய் விரிச்ச மாதிரி விரிச்சு, அதை சுத்தவும் பெருக்கவும் சுருக்கவும் செய்யலாம். ரோட்டுக் கேள்வியில சொன்னேன்ல, வரிக்கு வரி எண்ணை மாத்துததுன்னு, அதை இங்கயும் போட்டாங்க: அடிவானத்துக்குப் பக்கத்து வரிக்கு படத்தை ரொம்ப சுருக்கு, கீழ வர வர பெருக்கு. பாய் சாஞ்சு தரையாயிரும். 1992-ல சூப்பர் மரியோ கார்ட்டுல கணக்குக்காக கேசட்டுக்குள்ளயே தனி சிப்பு வச்சாங்க.

இப்போ யூ டர்ன் போடலாம், எங்க வேணும்னாலும் ஓட்டலாம். ஆனா தரை எப்பவும் பாய்தான், மேடு பள்ளம் வராது. அதோட அந்த மெஷினுக்கு பின்னணியைத்தான் பெருக்கத் தெரியும், மேல நகருத படத்துண்டை பெருக்கத் தெரியாது, அதனால கார்ட் வண்டிகளை பல கோணத்துல பல அளவுல வரைஞ்சுதான் வச்சிருந்தாங்க.

வுல்ஃபன்ஸ்டீன்ல நாமளே உள்ள நடக்கோமே, அதுவும் தட்டைப் படமா?

ஆமா, உள்ள ஓடுதது ஒரு கட்டம் போட்ட நோட்டுத் தாள்தான். அறை அறையா நடந்து எதிரியைச் சுடுத கேம் இது, 1992 மே மாசம் ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி விட்டது, நிரல் எழுதுனது ஜான் கார்மாக். 286-ன்னு சொல்லுத பழைய கம்ப்யூட்டர்லயே ஓடும்.

சுசீந்திரம் கோயில் பிராகாரத்துல ஒரு மூலையில போய் நில்லுங்க. தூண் வரிசை தூரம் போவப் போவ உயரம் குறைஞ்சிட்டே போவும், தரைக்கோடும் கூரைக்கோடும் ஒண்ணா சேரப் பாக்கும். கிட்ட உள்ள தூண் உயரம், தூரத்துத் தூண் குட்டை, வேற ஒரு தகவலும் கண்ணுக்கு வேண்டியதில்ல. வுல்ஃபன்ஸ்டீன் இதை மட்டும்தான் கணக்கு பண்ணுது.

ஒரு லெவல்னா 64-க்கு 64 கட்டம், ஒவ்வொரு கட்டமும் சுவரு இல்லன்னா காலி. திரை 320 புள்ளி அகலம். ஒவ்வொரு நெட்டு வரிசைக்கும் நம்ம கண்ணுல இருந்து ஒரு கதிரை விடுதாங்க, அது கட்டத்துக் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போய் சுவருல முட்டுன உடனே தூரத்தை எடுக்காங்க. தூரம் 2-ன்னா சுவரு 100 புள்ளி உயரம், 4-ன்னா 50, 8-ன்னா 25. அந்த நெட்டு வரிசையில சுவரு படத்தோட ஒரு கீத்தை அந்த உயரத்துக்கு இழுத்து வரைஞ்சிட்டா முடிஞ்சுது. மொத்தம் 320-க்கு 200, 64,000 புள்ளி உள்ள திரையில தூரக் கணக்கு 320 தடவைக்குள்ள அடங்கிருது. ஒரு சுவரு கீத்து முழுக்க ஒரே தூரத்துல இருக்கறதாலதான் இது நடக்குது. இழுத்து வரையுததையும் வேகமாக்க, ஒவ்வொரு உயரத்துக்கும் தனித்தனி நிரல் துண்டை முன்கூட்டியே தயார் பண்ணி வச்சிருந்தாரு கார்மாக், ஆட்டத்துல எது வேணுமோ அதைக் கூப்பிட்டா போதும்.

சின்ன விஷயம் ஒண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு சுவருக்கும் ரெண்டு படம் உண்டு, ஒண்ணு வெளிச்சம், ஒண்ணு கொஞ்சம் கருப்பு. வடக்கு தெற்கு பாத்த சுவருக்கு ஒண்ணு, கிழக்கு மேற்கு பாத்த சுவருக்கு இன்னொண்ணு. விளக்கு கணக்கு ஒண்ணும் கிடையாது, ஆனா மூலை திரும்பும்போது ஒரு பக்கம் நிழல் விழுந்த மாதிரி தெரியும், மூலை பளிச்சுன்னு மூலையாயிரும்.

விட்டுக் கொடுத்தது நிறைய. எல்லா சுவரும் ஒரே உயரம், எல்லா மூலையும் 90 டிகிரி, தரைக்கும் கூரைக்கும் வெறும் நிறம், படிக்கட்டே கிடையாது. லிஃப்ட்டுல ஏறுனா லெவல் முடிஞ்சு அடுத்தது வந்துரும்.

டூம் உண்மையான 3டி தானே?

பாதி. வுல்ஃபன்ஸ்டீன் பண்ணுன அதே ஆளுங்களோட அடுத்த சுடுத கேம், 1993 டிசம்பர் 10-ல வந்துச்சு. இதுல தரை மேடாவும் பள்ளமாவும் இருக்கும், படி உண்டு, ஜன்னல் உண்டு, சுவரு எந்தக் கோணத்துலயும் போவலாம், தூரம் போவப் போவ இருட்டும், நான் முதல்ல சொன்ன மங்கலை அவங்க இருட்டா மாத்திக்கிட்டாங்க. கட்டத் தாளை விட்டுட்டு, மேப்பை முன்கூட்டியே ரெண்டு ரெண்டா வெட்டி மரம் மாதிரி கிளை பிரிச்சு வச்சிருப்பாங்க, நாம எங்க நிக்கோமோ அங்க இருந்து எந்த சுவரு முன்னாடி எது பின்னாடின்னு உடனே தெரியும். பிஎஸ்பி-ன்னு சொல்லுவாங்க.

ஆனா மேப்பு இன்னும் தாள்தான். தாள்ல ஒரு இடத்துக்கு ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம், அவ்வளவுதான் எழுத முடியும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனா நாம மேல நடப்போம், 115 அடி கீழ ஆத்துல ஆளுங்க குளிச்சிட்டு நிப்பாங்க. ஒரே இடம், ரெண்டு தரை. டூம்ல அந்தப் பாலத்தைக் கட்டவே முடியாது, மேல நடக்க விட்டா கீழ போவ முடியாது, கீழ விட்டா மேல முடியாது.

எனக்க வகுப்புல ஒரு பையன் பத்மநாபபுரம் அரண்மனையை டூம் மேப்பா பண்ணத் தொடங்கினான். முத்தமும் தாழ்வாரமும் இருட்டு அறைகளும் அவ்வளவு அழகா வந்துச்சு, உப்பரிகை மாளிகை வந்ததும் நின்னுட்டான், அடுக்கு மேல அடுக்கு போட இடமே கொடுக்கல. ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுனான்: மேல் மாடி அறையை மேப்புல தூரமா ஒரு மூலையில தனியா கட்டி வச்சிட்டு, படியோட உச்சியில கால் வச்ச உடனே அங்க கொண்டு விடுத மாதிரி டூம்ல உள்ள டெலிபோர்ட்டைப் போட்டிருந்தான். சத்தமும் பச்சை வெளிச்சமும் வந்துச்சு, இருந்தாலும் மாடி ஏறியாச்சு. கொள்ளாம் மக்கான்னு சொன்னேன்.

டூம்ல வருத பேய்க எல்லாம் எந்தப் பக்கம் போனாலும் நம்மளையே பாத்து நிக்குதே?

அதுக எல்லாம் கட் அவுட். ரசிகர் மன்றத்துக்காரங்க தியேட்டர் முன்னால வைக்குத கட் அவுட்டை பக்கத்துல இருந்து பாத்தா பலகை தெரியும், இங்க அந்தப் பலகை நம்ம கூடவே திரும்பிட்டே இருக்கும், பக்கவாட்டைக் காட்டவே காட்டாது. உயிரோட உள்ள பேய்க்கு 45 டிகிரிக்கு ஒண்ணுன்னு எட்டுப் பக்கப் படம். பெரும்பாலும் அஞ்சுதான் வரைவாங்க, இடது பக்கத்தைக் கண்ணாடியில பாத்த மாதிரி திருப்புனா வலது பக்கம் கிடைச்சிரும். சில பேய்களை களிமண்ணுல பொம்மையா செஞ்சு, சுத்திச் சுத்தி படம் பிடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க, அதனாலதான் தசையும் நிழலும் அவ்வளவு நிஜமா இருக்கும்.

செத்த பேயைச் சுத்தி நடந்து பாருங்க. பிணத்துக்கு ஒரே ஒரு படம்தான், அதனால எந்தப் பக்கம் போனாலும் அது நம்ம பக்கமே திரும்பிக் கெடக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுன உடனே மொத்த வித்தையும் பிடிபட்டுரும்.

ரோட் ராஷ்? டாங்கி காங் கண்ட்ரி? அதுக எல்லாம்?

கம்ப்யூட்டர்ல நாம ஆடுன ரோட் ராஷ்ல பைக்கும் ஆளும் தட்டைப் படம்தான், உதைச்சு விழுத்தாட்டும்போது பாத்தா தெரியும். டாங்கி காங் கண்ட்ரி, 1994, பெரிய சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டர்ல உண்மையான 3டி-யா குரங்கைப் பண்ணி, அதை ஃபோட்டோ எடுத்த மாதிரி தட்டைப் படமாக்கி கேசட்டுல போட்டாங்க. 1996-ல ரெசிடென்ட் ஈவில் அதைத் திருப்பிப் போட்டுச்சு: ஆளு 3டி, பின்னால உள்ள அறை முன்கூட்டியே வரைஞ்ச படம், அதனால கேமரா நகராம ஒரே கோணத்துல நிக்கும்.

இது எல்லாம் ஏமாத்து வேலைதானே?

ஒரு அப்பா கேட்டது. நான் அப்படி நினைக்கல. மெஷினுக்கு எவ்வளவு தெம்பு உண்டுன்னு கடைசித் துடிப்பு வரைக்கும் எண்ணி, மனுசக் கண்ணு எதைத் தேடுது எதைத் தேடாதுன்னும் தெரிஞ்சு வச்சிட்டுத்தான் இவ்வளவு குறைச்சல்ல இவ்வளவு காட்டிருக்காங்க. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டா எல்லாம் தானா வந்துரும்னு நினைக்குத பிள்ளைகளுக்கு நான் முதல்ல இதைத்தான் சொல்லிக் கொடுக்கேன்.

இப்பவும் இது உயிரோட இருக்கு. 1996-ல குவேக்ங்கற கேம் முழுக்க உண்மையான 3டி-யா வந்த பிறகும், அதே வருஷத்து சூப்பர் மரியோ 64-ல மரம் எல்லாம் நம்மளைப் பாத்து திரும்புத தட்டைப் படம். இன்னைக்கு ஃபோன்ல ஆடுத கேம்ல புகை, தீப்பொறி, தூரத்துக் காடு, முக்கால்வாசி அதே கட் அவுட்தான்.

வீட்டுல செஞ்சு பாக்க முடியுமா? கம்ப்யூட்டர் இல்ல.

தாராளமா. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஸ்கேல், பென்சில் போதும். ஒரு பக்கத்துல 10-க்கு 10 கட்டம் எடுத்து ஓரம் முழுக்க சுவருன்னு கருப்பாக்குங்க, உள்ள மூணு நாலு கட்டத்தையும் கருப்பாக்குங்க. நடுவுல ஒரு புள்ளி வச்சு "நான் இங்க, மேல பாத்து நிக்கேன்"ன்னு முடிவு பண்ணிட்டு, அந்தப் புள்ளியில இருந்து விசிறி மாதிரி 11 கோடு இழுங்க, நடுக்கோடு நேரா, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு. ஒவ்வொரு கோடும் சுவருல முட்டுத தூரத்தை சென்டிமீட்டர்ல அளந்து எழுதுங்க. அடுத்த பக்கத்துல நடுவுல ஒரு படுக்கைக் கோடு போட்டு, 11 பட்டை, ஒவ்வொண்ணோட உயரம் 40-ஐ அந்தத் தூரத்தால வகுத்தது, பாதி கோட்டுக்கு மேல பாதி கீழ. நிழல் அடிச்சுப் பாத்தா அறை வந்துரும்.

முதல் தடவை நேர்சுவரு நடுவுல புடைச்சு ஓரத்துல சுருங்கி பானை மாதிரி வரும், எல்லா பிள்ளைகளுக்கும் வரும். ஓரத்துக் கோடு சாஞ்சு போவதால நீளம் கூடிருது, அதனால சுவரு குட்டையாயிருது. கோட்டோட நீளத்தை அளக்காம, அந்தக் கோடு சுவருல முட்டுன இடம் நீங்க நிக்குத இடத்துல இருந்து நேர் மேல எத்தனை சென்டிமீட்டர் உயரத்துல இருக்குன்னு மட்டும் அளங்க. திரும்ப வரைஞ்சா சுவரு நேரா நிக்கும்.